பல்கலைக் கழக வரவு செலவும் வகுப்பறைத் தரமும்

மும்பை மாநகரின் கிழக்குப் புறநகர்களுள் மக்கள் நெருக்கம் மிக்கது காட்கோபர். மத்திய ரயில்வேயின் புறநகர்ப் பாதையும், 2014 ஜூன் மாதத்தில் திறக்கப்பட்ட வெர்சோவா - அந்தேரி - காட்கோபர் மெட்ரோப் பாதையும் அங்கே கூடுகின்றன. மேற்குப் பகுதியில், 1963 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ராம்நிரஞ்சன் ஜுன்ஜுன்வாலா கல்லூரி உள்ளது. ஒரு நிலையம் தெற்கே, வித்யாவிஹாரில், சோமையா கல்வி நிறுவனங்கள் 1959 முதல் வளர்ந்து வந்துள்ளன. கிழக்குப் பகுதியில் நெடுஞ்சாலையை ஒட்டிக் காமராஜ் நகர் இருக்கிறது. ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்த தமிழகத் தலைவர் ஒருவரின் பெயர், மராத்தியர் நாட்டின் ஒரு குடிசைப் பகுதிக்கு எப்படி வந்தது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய பகுதிகளிலிருந்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் இளைஞருக்கு அரசின் உதவி பெறும் கல்லூரிகளே புகலிடம். அவர் பெறும் பட்டம் மும்பைப் பல்கலைக் கழகத்தின் பட்டம். அந்தப் பட்டத்தின் மதிப்பு எதைப் பொறுத்தது? பாடத்திட்டத்தை, ஆசிரியரை, மாணவரின் உழைப்பைப் பொறுத்தது என்று விடை கூறுவோம். அது சரியே. ஆயினும் பாடத்திட்டத்தை நடத்த ஆசிரியர் இருக்கிறாரா, சோதனைச் சாலையில் கருவி இயங்குகிறதா, தேர்வு முடிவு உரிய நாளில் வருகிறதா என்ற மூன்றும் வேறோர் இடத்தில் முடிவாகின்றன. வரவு செலவுத் திட்டம் எனப்படும் அந்தத் தடித்த ஏட்டினை மாணவர் பார்ப்பதில்லை. ஆசிரியர்களிலும் பலர் பார்ப்பதில்லை.

கல்விக்கு நாட்டு வருமானத்தில் 6 விழுக்காடு ஒதுக்கப்பட வேண்டுமெனக் கோத்தாரிக் குழு 1966 இல் பரிந்துரைத்தது. அந்த இலக்கு இன்றளவும் எட்டப்படவில்லை. தொகை போதாது என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் கிடைக்கும் தொகையும் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது, எந்த மாதத்தில் வருகிறது, எவருடைய கையொப்பத்துக்காகக் காத்திருக்கிறது என்பவை தொகையின் அளவுக்கு இணையாகவே கல்வித் தரத்தைப் பாதிக்கின்றன. இக்கட்டுரை பேச முற்படுவது அதைப் பற்றியே.

தேர்வு நடத்தப் பிறந்த பல்கலைக் கழகம்

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக் கழகங்களும் 1857 இல் நிறுவப்பட்டன. லண்டன் பல்கலைக் கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட அவை, தொடக்கத்தில் பாடம் கற்பிக்கும் அமைப்புகளாக இருக்கவில்லை. கல்லூரிகளை இணைத்துக் கொள்வதும், தேர்வு நடத்துவதும், பட்டம் வழங்குவதுமே அவற்றின் பணிகள். பம்பாயில் அழகிய கட்டடங்கள் வள்ளல்களின் நன்கொடையால் எழுந்தன. பிரேம்சந்த் ராய்சந்த் அளித்த பொருளால் நூலகமும் ராஜாபாய் கோபுரமும் அமைந்தன. பல்கலைக் கழகமே பொருளியல், சமூகவியல் துறையைத் தொடங்கிக் கற்பித்தலில் இறங்கியது 1919 இல்தான்.

பிறவிக் குணம் எளிதில் மாறாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. மும்பை, மும்பைப் புறநகர், தாணே, பால்கர், ராய்கட், ரத்னகிரி, சிந்துதுர்க் மாவட்டங்களில் 700க்கு மேற்பட்ட கல்லூரிகள் இன்று இப்பல்கலைக் கழகத்துடன் இணைந்துள்ளன. தேர்வுக் கட்டணம், இணைப்புக் கட்டணம், தொலைநிலைக் கல்விக் கட்டணம் ஆகியவை பல்கலைக் கழகத்தின் சொந்த வருவாயில் முக்கிய இடம் பெறுகின்றன. மாநில அரசின் மானியம் பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் சம்பளத்துக்கே உரியது. மூன்றாவது ஊற்று, பல்கலைக் கழக மானியக் குழுவும் மத்திய அரசும் அளிக்கும் வளர்ச்சி நிதி. இது கட்டடம், கருவி, நூல்கள் போன்றவற்றுக்கென வரையறுத்து வழங்கப்படுவது.

இந்த மூன்று ஊற்றுகளும் ஒரே குளத்தில் வந்து சேர்வதில்லை என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். சம்பள மானியத்தில் மிச்சம் ஏற்பட்டால் அதைக் கொண்டு நூல் வாங்க இயலாது. வளர்ச்சி நிதியைக் கொண்டு ஆசிரியருக்குச் சம்பளம் தர இயலாது. எந்தத் தலைப்பின் கீழும் அடங்காத அன்றாடச் செலவு, அதாவது பராமரிப்பு, பழுது பார்த்தல், சோதனைச் சாலைக்கு வேண்டிய இரசாயனப் பொருள்கள் ஆகியவை, கட்டண வருவாயின் தலையில் விழுகின்றன. கட்டண வருவாயோ தேர்வெழுதுவோரின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆகவே மாணவர் தொகை பெருகுவதும் புதிய கல்லூரிகள் இணைவதும் பல்கலைக் கழகத்தின் நிதிக்கு நன்மை. அந்தப் பெருக்கம் தேர்வு நிர்வாகத்தை எவ்வளவு அழுத்துகிறது என்பது கணக்கில் வருவதில்லை.

ஒரே கட்டடத்தில் இரு கல்லூரிகள்

இணைப்புக் கல்லூரியின் நிலை இதனினும் சிக்கலானது. மகாராஷ்டிரத்தில் உதவி பெறும் கல்லூரியொன்றின் பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். போன்ற மரபுப் பிரிவுகளில் அனுமதி பெற்ற ஆசிரியர், அலுவலர் சம்பளத்தை மாநில அரசு ஏற்கிறது. உயர்கல்வித் துறையின் மண்டல இணை இயக்குநர் அலுவலகம் வழியாக அந்த மானியம் வருகிறது. அதே கல்லூரியில், அதே படிக்கட்டில் ஏறிச் சென்றால், மேலாண்மை, கணக்கியலும் நிதியும், வங்கியியலும் காப்பீடும், தகவல் தொழில்நுட்பம் போன்ற சுயநிதிப் படிப்புகள் நடக்கின்றன. இவற்றுக்கு அரசு மானியம் கிடையாது. கட்டணம் மரபுப் பிரிவினதைப் போல் பன்மடங்கு. ஆசிரியரின் ஊதியம் அந்தக் கட்டணத்திலிருந்தே தரப்பட வேண்டும்.

இந்த ஏற்பாடு தீய நோக்கத்தில் பிறந்ததன்று. மானியக் குழுவின் நிதியுதவி பற்றி ஆராய்ந்த புன்னய்யா குழு 1993 இல் தன் அறிக்கையை அளித்தது. தொடர் செலவில் 15 விழுக்காட்டை ஐந்தாண்டுகளிலும், 25 விழுக்காட்டைப் பத்தாண்டுகளிலும் பல்கலைக் கழகங்கள் தம் சொந்த வருவாயாகத் திரட்ட வேண்டுமென்று அக்குழு கூறியது. அரசுப் பொறுப்பே முதன்மை என்பதையும் அது மறுக்கவில்லை. பின் வந்த ஆண்டுகளில் நாடெங்கும் நடந்தது என்ன? சொந்த வருவாயைத் திரட்டும் எளிய வழியாகச் சுயநிதிப் படிப்புகள் அமைந்தன. அரசின் மானியப் பட்டியலில் புதிய பாடங்களைச் சேர்க்கும் வழி அநேகமாக அடைபட்டது.

விளைவு மாணவரைத் தேடி வருகிறது. வேலை வாய்ப்பு மிகுந்ததாகக் கருதப்படும் படிப்பில் சேர அவருக்குப் பணம் வேண்டும். பணமில்லாதவர் மரபுப் பிரிவில் சேர்கிறார். அங்கே கட்டணம் குறைவு, ஆனால் ஆசிரியர் இடம் காலி. முதல் பிரிவில் ஆசிரியர் இருக்கிறார், அவர் அடுத்த ஆண்டும் இருப்பாரா என்பது தெரியாது. ஒரே முகவரியில் இயங்கும் இரு வகைக் கல்லூரிகள் என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

காலியிடம் என்னும் சிக்கனம்

அரசுக் கணக்கில் மிக எளிதாகச் செய்யக்கூடிய சிக்கனம், காலியாகும் இடத்தை நிரப்பாமல் விடுவது. ஒருவர் ஓய்வு பெறுகிறார். அந்தப் பணியிடத்தை நிரப்ப நிதித் துறையின் அனுமதி தேவை. அனுமதி வரும் வரை சம்பளத் தலைப்பில் மிச்சம். எவரையும் வேலையிலிருந்து நீக்கவில்லை. எந்தப் படிப்பையும் மூடவில்லை. ஏட்டில் இது குற்றமற்ற சேமிப்பாகத் தோன்றும்.

மகாராஷ்டிரத்தில் உதவிப் பேராசிரியர் காலியிடங்களுள் 40 விழுக்காட்டை, அதாவது 3,580 இடங்களை, நிரப்ப 2018 இல் அனுமதி வழங்கப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து, 2021 இல், எஞ்சிய 2,088 இடங்களுக்கு மீண்டும் அனுமதி அளிக்க வேண்டியிருந்தது. முதல் அனுமதியின் கீழ் நிரம்பியவை 1,492 மட்டுமே என்பது இதிலிருந்து புலனாகும். இந்தக் கணக்கு காலியிடங்களின் ஒரு பகுதியைப் பற்றியது. மீதி 60 விழுக்காடு இதில் சேரவில்லை. மூன்றாண்டுகள் என்பது ஒரு பட்டப் படிப்பின் காலம். 2018 ஜூன் மாதத்தில் சேர்ந்த மாணவர், அனுமதிக்கப்பட்ட ஆசிரியரின் முகத்தைக் காணாமலே பட்டம் பெற்றிருக்கக் கூடும்.

வகுப்பு நடக்காமல் இருப்பதில்லை. மணிக்கணக்கு அடிப்படையில் ஆசிரியர்கள் அமர்த்தப்படுகிறார்கள். எடுக்கும் ஒவ்வொரு பாடவேளைக்கும் இவ்வளவு என்று ஊதியம். விடுமுறைக் காலத்தில் ஊதியமில்லை. ஒருவரே ஒரே நாளில் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு ரயிலேறி ஓடுவது மும்பையில் சாதாரணக் காட்சி. அவர்களின் தகுதியைக் குறை கூற இடமில்லை. பலர் தேசியத் தகுதித் தேர்வில் வென்றவர்கள், முனைவர் பட்டம் பெற்றவர்கள். குறை அமைப்பில் இருக்கிறது. பாடவேளைக்கு ஊதியம் தரும் தலைப்பில், வகுப்பு முடிந்த பின் தாழ்வாரத்தில் நின்று சந்தேகம் கேட்கும் மாணவருக்கு இடமில்லை. விடைத்தாளைத் திருத்தித் திருப்பித் தருவதற்கும், பாடத்திட்டக் குழுவில் அமர்வதற்கும், ஆய்வுக்கும் இடமில்லை. ஒப்பந்த ஆசிரியர் எண்ணிக்கை மொத்த இடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று மானியக் குழுவின் 2018 ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கூறியது. கௌரவ விரிவுரையாளருக்குப் பாடவேளைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேற்படாமல் தரலாமென்று 2019 இல் வழிகாட்டியது. ஒழுங்குமுறை வகுக்கும் அமைப்பு ஒன்று, சம்பளம் தரும் அரசு வேறொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியில்தான் இந்த ஆசிரியர்கள் வாழ்கிறார்கள்.

மாநிலங்களைச் சரியான வழியில் திருப்ப முயன்ற திட்டமொன்றையும் குறிப்பிட வேண்டும். 2013 இல் தொடங்கப்பட்ட தேசிய உயர்கல்வி இயக்கம், மத்திய நிதி பெற விரும்பும் மாநிலம் ஆசிரியர் காலியிடங்களை 15 விழுக்காட்டுக்கு மிகாமல் வைத்திருக்க வேண்டுமென்று நிபந்தனை விதித்தது. நல்ல நிபந்தனை. ஆனால் இயக்கத்தின் நிதி கட்டடத்துக்கும் கருவிக்கும் ஒரு முறை வருவது; ஆசிரியர் நியமனமோ முப்பது ஆண்டுச் சம்பளமும் அதன் பின் ஓய்வூதியமும் ஆகும். சில ஆண்டு மானியத்துக்காக நீண்ட காலக் கடப்பாட்டை ஏற்க மாநில நிதித் துறைகள் தயங்கியதில் வியப்பில்லை.

கையொப்பம் தாமதமானால்

நிதி எப்போது வருகிறது என்பதன் முக்கியத்துவத்தை மும்பை மாணவர்கள் இரு முறை கடுமையாக உணர்ந்தார்கள்.

முதலாவது, 2013 ஆம் ஆண்டு. ஆறாவது ஊதியக் குழுவையொட்டி உயர்த்தப்பட்ட ஆசிரியர் சம்பளத்தில், 2006 ஜனவரி முதல் 2010 மார்ச் வரையிலான காலத்துக்குரிய கூடுதல் செலவில் 80 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்பதாக ஏற்பாடு. மாநிலம் முதலில் வழங்கிப் பின்னர் ஈடு பெற வேண்டுமா, மத்திய நிதி வந்த பின் வழங்க வேண்டுமா என்ற இழுபறியில் நிலுவை நின்று போயிற்று. இதையும் வேறு சில கோரிக்கைகளையும் முன்வைத்து, மகாராஷ்டிரக் கல்லூரி ஆசிரியர்கள் அவ்வாண்டு பிப்ரவரி முதல் மே மாதம் வரை தேர்வுப் பணியைப் புறக்கணித்தார்கள். யாருடைய நியாயம் பெரிது என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எவருமே இல்லையென்று மறுக்காத ஒரு தொகை, இரு அரசுகளின் கணக்கேடுகளுக்கு நடுவே தங்கியதால், ஒரு தேர்வுப் பருவமே குலைந்தது என்பதை மட்டும் கவனிக்க.

இரண்டாவது, 2017. அவ்வாண்டு கோடைத் தேர்வுகளின் விடைத்தாள்கள் அனைத்தையும் கணினித் திரையிலேயே திருத்துவதென்று பல்கலைக் கழகம் முடிவு செய்தது. ஏறத்தாழ 17 லட்சம் விடைத்தாள்கள். அவற்றை ஒளிப்படமாக்கிக் கணினியில் ஏற்ற வேண்டும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். கல்லூரிகளில் கணினியும் இணைப்பும் வேண்டும். ஆனால் தேர்வுகள் தொடங்கிய பின்னர், ஏப்ரல் இறுதியில்தான் ஒப்பந்தம் இறுதியாயிற்று. முன்னோட்டமாக ஒரு சிறு பாடத்தில் செய்து பார்க்க நேரமில்லை. ஜூலை 31 க்குள் முடிவுகளை வெளியிடுமாறு வேந்தரான ஆளுநர் கெடு விதித்தும் இயலவில்லை. முடிவுகள் மழைக்காலம் முழுவதும் துண்டு துண்டாக வந்தன. மேற்படிப்புக்கு விண்ணப்பித்தவர்களும் வெளிநாடு செல்லவிருந்தவர்களும் மதிப்பெண் பட்டியலுக்காக அலைந்தார்கள். அக்டோபரில் துணைவேந்தர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் தொழில்நுட்பத் தோல்வியாகவே பேசப்பட்டது. கணக்கதிகாரியின் கண் கொண்டு நோக்கினால் வேறொன்று தெரியும். பெரிய கொள்முதல் ஒன்று, அதன் தேவை எழுந்த பின்னர் செய்யப்பட்டது. செலவு மதிப்பீட்டில் இயந்திர வேலைக்கு இடமிருந்தாலும் ஆயத்த காலத்துக்கு இடமில்லை. தேர்வுக் கட்டணத்தால் வாழும் பல்கலைக் கழகம் தேர்வைச் சிறப்பாக நடத்தும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அந்த வருவாய் வேறு செலவுகளைத் தாங்கப் போய்விடுமாயின், தேர்வு நிர்வாகத்துக்கே முதலீடு இல்லாமற் போவதும் இயல்பே.

மார்ச் மாதத்து வேகம்

நமது நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. கல்வியாண்டு ஜூன் அல்லது ஜூலையில். இரண்டுக்கும் உள்ள இந்தப் பொருத்தமின்மை அற்பமாகத் தோன்றலாம். நடைமுறையில் பார்ப்போம். ஒரு வேதியியல் துறைக்கு நிறமாலைக் கருவி வாங்க ஒதுக்கீடு ஏப்ரலில் ஏட்டில் இடம் பெறுகிறது. நிதியின் முதல் தவணை செப்டம்பரில் வருகிறது. ஒப்பந்தப் புள்ளி கோரி, ஒப்புநோக்குப் பட்டியல் தயாரித்து, கொள்முதல் குழு கூடி முடிவதற்குள் ஜனவரி. மார்ச் 31 க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பாவிடில் அடுத்த தவணை நிற்கும். செலவாகாத தொகை திரும்பிப் போகும். ஆகவே மார்ச்சில் கருவி வந்து இறங்குகிறது. அப்போது மாணவர் செய்முறைத் தேர்வை எழுதிக் கொண்டிருக்கிறார். கருவி அவருக்குப் பயன்படவில்லை. அடுத்த ஆண்டு மாணவருக்குப் பயன்பட வேண்டும். ஆனால் அதற்கு வேண்டிய பராமரிப்பு ஒப்பந்தம் வளர்ச்சி நிதியில் சேராது. உத்தரவாதக் காலம் முடிந்தபின் ஒரு சிறு பாகம் பழுதானால், பல லட்சம் ரூபாய்க் கருவியின் மேல் உறை போர்த்தப்படுகிறது.

பயன்பாட்டுச் சான்றிதழ் பொதுப் பணத்துக்கு அவசியமான காவல். அதை எளிதில் பழிக்கலாகாது. ஆயினும் அச்சான்றிதழ், பணம் செலவான செய்தியை மட்டும் சொல்லுகிறது. கருவி எத்தனை மணி நேரம் இயங்கியது, எத்தனை மாணவர் அதைத் தொட்டனர் என்ற கேள்விகளுக்கு அதில் கட்டமில்லை.

அண்மைக் காலத்தில் சில திருத்தங்கள் ஏற்பட்டுள்ளன. மத்திய வரவு செலவுத் திட்டம் 2017 முதல் பிப்ரவரி முதல் நாளே தாக்கல் செய்யப்படுவதால், ஏப்ரலிலேயே நிதி விடுவிப்பது எளிதாயிற்று. திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பழைய பாகுபாடும் அவ்வாண்டே கைவிடப்பட்டது. ஆய்விதழ்களைப் பொறுத்தவரை, ஒவ்வொரு நூலகமும் தனித்தனியே சந்தா கட்டி வந்த முறைக்குப் பதிலாக, நாடு முழுவதற்கும் ஒரே சந்தா என்ற திட்டத்தை மத்திய அரசு 2024 நவம்பரில் ஏற்றது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் 6,300 க்கு மேற்பட்ட நிறுவனங்கள். சிறிய நகரத்து அரசுக் கல்லூரி மாணவரும் பெரிய ஆய்விதழைத் திறக்க முடிகிறது என்றால், அது தொகையை உயர்த்தியதால் மட்டும் நேர்ந்ததன்று. சிதறிய தொகைகளைச் சேர்த்ததாலும் நேர்ந்தது.

மாட்டுங்காவின் பாடம்

காட்கோபரிலிருந்து மத்திய ரயில்வேயில் தெற்கே சில நிலையங்கள் சென்றால் மாட்டுங்கா. தமிழர் நன்கறிந்த இடம். இங்குள்ள வேதித் தொழில்நுட்ப நிறுவனம், 1933 இல் பம்பாய்ப் பல்கலைக் கழகத்தின் ஒரு துறையாகப் பிறந்து, 1943 இல் இவ்வளாகத்துக்கு வந்தது. வேதித் தொழில்களுக்கு ஆலோசனை வழங்கியும், தொழிலதிபர்களும் முன்னாள் மாணவர்களும் நிறுவிய அறக்கொடைகளைக் கொண்டும் தனக்கென ஒரு நிதி வளத்தை அது வளர்த்துக் கொண்டது. படிப்படியாகத் தன்னாட்சி பெற்று, 2008 இல் நிகர்நிலைப் பல்கலைக் கழகமாயிற்று. அதன் புகழுக்குப் பேராசிரியர்களின் ஆற்றலே முதற் காரணம். எனினும் அறக்கொடை வருவாய் மார்ச் மாதத்தோடு காலாவதியாவதில்லை என்பதும், சிறு செலவுகளுக்கான முடிவு சோதனைச் சாலைக்கு அருகிலேயே எடுக்கப்பட்டது என்பதும் அந்த ஆற்றல் வீணாகாமல் காத்தன.

இதைக் கண்டு எல்லாத் துறைகளும் இவ்வாறே செய்யட்டும் என்று சொல்வோர் உண்டு. இக்கட்டுரையாளர் அதை ஏற்கவில்லை. சாயம், மருந்து, பெட்ரோலிய ஆலைகள் சூழ்ந்த நகரில் வேதிப் பொறியியலுக்குக் கிடைத்த ஆதரவு, வரலாற்றுத் துறைக்கோ மராத்தி இலக்கியத்துக்கோ கிடைக்காது. சொந்த வருவாயைக் கல்வித் தரத்தின் அளவுகோலாகக் கொண்டால், சந்தையில் விலை போகாத அறிவு முதலில் மெலியும். மாட்டுங்காவிலிருந்து எடுத்துக் கொள்ள வேண்டியது சிறு செலவில் துறைத் தலைவருக்கு உரிமையும், ஆண்டு தாண்டி நிற்கும் நிதியும்.

தமிழ்நாட்டு அனுபவம்

அரசின் பங்கு குறைந்தால் என்னவாகும் என்பதைத் தமிழ்நாட்டுப் பல்கலைக் கழகங்கள் காட்டுகின்றன. 1929 இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக் கழகம், தேவைக்கு மிகுந்த பணியாளர் சுமையால் 2012 இல் நிதி நெருக்கடியில் வீழ்ந்தது. 2013 இல் அரசு நிர்வாகியை நியமித்துப் புதிய சட்டமும் இயற்றியது. மிகையான ஆசிரியர்களும் ஊழியர்களும் பின்னர் பிற அரசு நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டார்கள். காலியிடம் ஒரு தீமையென்றால், கணக்கின்றி நிரப்புவது மற்றொரு தீமை. மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் அண்மை ஆண்டுகளில் சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் தாமதமாயின.

சென்னைப் பல்கலைக் கழகத்தின் அனுபவம் விசித்திரமானது. அரசால் கணிசமாக நிதியுதவி பெறும் கல்வி நிறுவனத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. கணிசம் என்பதற்கு, மொத்த வரவில் அரசு மானியம் 50 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டுமென 2014 இல் விதி வகுக்கப்பட்டது. மானியத்தின் பங்கு அந்த வரம்புக்குக் கீழே இறங்கியதென்று கூறி, 424 கோடி ரூபாய் வரி கேட்டு, 2024 பிப்ரவரியில் பல்கலைக் கழகத்தின் வங்கிக் கணக்குகளை வரித் துறை முடக்கியது. சொந்த வருவாயைப் பெருக்கு என்று ஓர் அரசுக் குழு அறிவுரை கூறியது. பெருக்கினால் நீ அரசு நிறுவனமல்ல என்று மற்றோர் அரசு விதி கூறியது. இவ்விரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தவர் எவருமில்லை போலும்.

மாணவர் உதவித் தொகையிலும் இத்தகைய இடைவெளி உண்டு. ஆதிதிராவிட மாணவருக்கான உயர்கல்வி உதவித் தொகையில் மத்திய அரசு 60 விழுக்காடும் மாநிலங்கள் 40 விழுக்காடும் ஏற்பதென்று 2020 டிசம்பரில் முடிவாயிற்று. மத்தியப் பங்கு நேரே மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. இடைத்தரகு ஒழிந்தது நன்மையே. ஆனால் தொகை ஆண்டிறுதியில் வருமானால், அதுவரை கட்டணமின்றி வகுப்பு நடத்தும் கல்லூரி தன் அன்றாடச் செலவைச் சுருக்குகிறது. சுருக்கப்படுவது பெரும்பாலும் நூலகமும் சோதனைச் சாலையும்தாம்.

ஏட்டினைப் படிக்கும் முறை

பல்கலைக் கழக வரவு செலவு ஏட்டில் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே பொதுவாக மூன்று எண்கள் இருக்கும்: கடந்த ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. செய்தித்தாள்கள் மூன்றாவது எண்ணை வெளியிடுகின்றன. கவனிக்க வேண்டியது முதலாவது எண். மாணவர் நலனுக்கு ஐந்து கோடி என்று ஆண்டுதோறும் மதிப்பிட்டு ஒரு கோடியே செலவிடும் நிறுவனத்தையும், இரண்டு கோடி என்று மதிப்பிட்டு முழுவதும் செலவிடும் நிறுவனத்தையும் ஒப்பிட்டால், எது தரமானது என்று கேட்கத் தேவையில்லை. அடுத்து, கருவி வாங்கும் தலைப்பின் அருகே பராமரிப்புத் தலைப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சம்பளத் தலைப்பில் மிச்சம் காட்டப்பட்டிருந்தால் அதை மகிழ்ச்சியோடு பார்க்கலாகாது. அந்த மிச்சத்துக்குள் எத்தனை காலியிடங்கள் உள்ளன என்று கேட்க வேண்டும். தேர்வுக் கட்டண வரவையும் தேர்வுச் செலவையும் எதிரெதிரே வைத்தால், மாணவர் செலுத்துவதில் எவ்வளவு தேர்வுக்கே திரும்புகிறது என்பது விளங்கும்.

இவற்றைக் கேட்கும் இடமும் இருக்கிறது. மகாராஷ்டிரப் பொதுப் பல்கலைக் கழகங்கள் சட்டம், 2016 இன்படி, நிதி, கணக்குக் குழு தயாரிக்கும் ஆண்டு மதிப்பீடு மேலாண்மைக் குழுவின் வழியாக ஆட்சிப் பேரவையின் முன் வைக்கப்படுகிறது. வழக்கமாக மார்ச் மாதத்தில் அக்கூட்டம் நடைபெறும். ஆசிரியர், முதல்வர், நிர்வாகப் பிரதிநிதிகளோடு, பதிவு பெற்ற பட்டதாரிகள் தேர்ந்தெடுக்கும் பத்துப் பேரும் அப்பேரவையில் உறுப்பினர்கள். பட்டம் பெற்றவர் உரிய படிவத்தை நிரப்பிப் பதிவு செய்து கொண்டால் வாக்களிக்கலாம். காட்கோபரிலிருந்து பட்டம் பெற்று வெளியேறும் ஆயிரக்கணக்கானோரில் மிகச் சிலரே அவ்வாறு பதிவு செய்து கொள்கிறார்கள். அந்தப் படிவம் பட்டச் சான்றிதழோடு சேர்த்து வழங்கப்படுவதில்லை. வழங்கினால் கூடுதல் செலவு ஒரு தாளுக்கு மேல் ஆகாது.